ஒரு விரலுக்கு ஒரு பெயர்

மூன்றாவது மருத்துவமனையிலும் காப்பீட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"ஹார்ட் டாக்டர் இருக்காருங்க. கார்டும் எடுக்கிறோம். ஹார்ட்டுக்கு மட்டும் எடுக்கிறதில்ல" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"வேற எதுக்கு எடுப்பீங்க?" என்று வெண்மதி கேட்டாள்.

"கண்ணு. குடலிறக்கம். கிட்னியில கல்லு."

"அதெல்லாம் அவருக்கு நல்லா இருக்குதுங்களே."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

நெடுமாறன் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஆறு வாரமாக உட்கார்ந்தே தூங்கினான்.

"என்னா சொன்னாங்க?"

"கிட்னியில கல்லு வந்தா வரச் சொன்னாங்க."

"வந்தா சொல்றேன்" என்றான்.

இதயத்தில் ஒரு வால்வு ஒழுகுகிறது என்று நெய்வேலியில் பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மாதத்துக்குள் அறுத்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் நுரையீரலில் தண்ணீர் ஏறிவிடும். நெடுமாறனுக்கு அது உடனே புரிந்தது. தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

சுரங்கத்தில் நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அது சுரங்கத்தின் தரையையே தூக்கிவிடும். அதனால் பம்ப்புகள் நிற்பதில்லை. அவற்றின் சத்தத்தைக் கேட்டுப் பழுது சொல்வது நெடுமாறனின் வேலை. காண்ட்ராக்ட் வேலை. டவுன்ஷிப்பின் பெரிய ஆஸ்பத்திரி பெர்மனென்ட் ஆட்களுக்கு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இந்த அரசுக் காப்பீட்டு அட்டை.

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி ஒருத்தி சொன்னாள். கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறதாம். புதன்கிழமை ஒரு டாக்டரம்மா ஹார்ட் பார்க்கிறாராம், பேர் ஹுமா. தன் மாமனாருக்கு இதே அட்டையில் செய்தார்களாம்.

"பொழச்சாரா?" என்று வெண்மதி கேட்டாள்.

"பொழச்சு எங்க உசுர வாங்குறாரு" என்றாள் அவள்.

*

அட்டையில் இருந்த படம் நெடுமாறனுடையது. பெயர் சிங்காரவேல். மனைவி பெயர் மாணிக்கம்மாள். ஊர் அய்யனேரி.

அய்யனேரி இப்போது இல்லை. சுரங்கம் அதைத் தாண்டிப் போய்விட்டது.

சிங்காரவேலும் பம்ப் பார்த்தவர்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் செகண்ட் ஷிஃப்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை. ஏழாம் நம்பர் பம்ப் அருகே அவருடைய செருப்பு கிடந்தது. மோட்டாரின் மேல் அவருடைய ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. மூன்று நாள் தேடினார்கள்.

நான்காம் நாள் தனகோட்டி மேஸ்திரி மாணிக்கம்மாளைப் பார்க்கப் போனார். ஆள் இல்லை என்று எழுதினால் லிஸ்டில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்றார். காண்ட்ராக்ட் ஆட்களைப் பெர்மனென்ட் ஆக்கும்போது லிஸ்ட் வரிசையில்தான் கூப்பிடுவார்கள். சிங்காரவேலின் பெயர் பத்தொன்பது வருடமாக அந்த லிஸ்டில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவு தூரம் ஏறிய பெயரை அங்கே யாரும் சாக விடுவதில்லை. பெயருக்கு ஓர் ஆளைத் தேடுவார்கள். அது அங்கே பழக்கம்.

ஒரு வருடம் தேடி மேஸ்திரி நெடுமாறனைக் கண்டுபிடித்தார். அதே உயரம், அதே நிறம். கேட் பாஸில் படத்தை மாற்றினார். அந்த வருடம் கேட் அருகே ஆதார் முகாம் போட்டார்கள். பாஸில் என்ன பெயரோ அதற்கே கைரேகை எடுத்துக்கொண்டார்கள். பிறகு தன் சொந்தப் பெயரில் எடுக்க நெடுமாறன் விருத்தாசலம் போனான். விரலை வைத்தான். ஏற்கெனவே இருக்கிறது என்றது இயந்திரம்.

ஒரு விரலுக்கு ஒரு பெயர்தான்.

அதன்பின் நெடுமாறன் என்ற பெயர் இரண்டு இடங்களில் மட்டும் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில். மகள் இளவேனிலின் பள்ளிக்கூடச் சான்றிதழில்.

வெண்மதிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஒரு வசதிகூட இருந்தது. அவள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. அவள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. இளவேனில் பிறந்தபோது நர்ஸ் அப்பா பெயர் கேட்டாள். வெண்மதி பக்கத்துக் கட்டில்காரியைச் சொல்ல வைத்தாள். ஆனால் சிங்காரவேல் என்று தயங்காமல் சொன்னாள். அது வேறு யாரோ ஒருவரின் பெயர். டிஸ்பென்சரியில் சொன்னாள், மருந்துக் கவுன்ட்டரில் சொன்னாள், ஷிஃப்ட் கேட்டில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று சொன்னாள். முதலில் வீட்டில் அதை விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"சிங்காரவேல் சார், சோறு ஆறுது."

"வந்துட்டேங்க."

பிறகு 'சார்' போய்விட்டது. இளவேனில்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவன் அந்தப் பெயருக்குத்தான் சீக்கிரம் திரும்பினான்.

பெயரோடு ஒரு லாக்கர் வந்தது. லாக்கருக்குள் அந்த ஸ்க்ரூ டிரைவர். நீளமானது. மரக் கைப்பிடி காதுக்குப் பின்னால் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. நுனியை மோட்டாரின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின் எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பது கேட்கும். பேரிங் போவதற்கு இரண்டு நாள் முன்பே நெடுமாறன் சொல்லிவிடுவான்.

மூச்சு வாங்க ஆரம்பித்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அவன் ஒரு துணியை மடித்து நெஞ்சில் வைத்தான். அதன் மேல் நுனியை வைத்தான். கைப்பிடியை அவளிடம் நீட்டினான்.

"என்னா கேக்குது பாரு."

வெண்மதி காதை வைத்தாள். ஒரு தட்டு. பின்னால் தண்ணீர் ஒழுகும் சத்தம். அது அடங்கும்போது, சற்றுப் பின்தங்கி, இன்னொரு தட்டு. அதுவும் தனியாக ஒழுகியது.

"ரெண்டு கேக்குது."

"அப்படித்தான் கேக்கும். ஒரு பம்ப்புல காத வச்சா பக்கத்துப் பம்ப்பும் கேக்கும்."

அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருந்தார்கள்.

*

புதன்கிழமை கடலூர் ஆஸ்பத்திரியில் கவுன்ட்டர் ஆள் விரலை வைக்கச் சொன்னான். திரையைப் பார்த்தான்.

"சிங்காரவேல். அம்பத்தெட்டு வயசா?"

"ஆமாங்க" என்றான் நெடுமாறன். அவனுக்கு நாற்பத்தாறு.

"தெரியவே இல்லையே அண்ணே. என்ன சாப்புடுறீங்க?"

"சுரங்கத்துத் தூசி."

"அதான் கெடாம இருக்கீங்க. பழைய ஃபைல் இருக்கு உங்களுக்கு. எடுத்துகினு வரச் சொல்றேன்." அவன் வெண்மதியைப் பார்த்தான். "நீங்க யாருக்கா?"

அட்டையில் வேறு மனைவி இருந்தாள்.

"தங்கச்சி" என்றாள் வெண்மதி.

டாக்டர் ஹுமா ஐம்பதை நெருங்கியவர். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதைத் தேடினார். நெடுமாறனைக் கட்டிலில் சாய்த்து, நெஞ்சில் பசையைத் தடவி, கருவியை வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ திறந்து மூடியது.

டாக்டர் திரையை நெருங்கிப் பார்த்தார். கருவியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். பழைய ஃபைலைக் கேட்டு வாங்கினார். அதில் மங்கிப்போன ஒரு எக்கோ ஸ்கேன் படம் இருந்தது. அதைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு வர்றீங்க" என்றார்.

வெண்மதி படத்தை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப நான் இங்க ஜூனியர். நான்தான் எடுத்தேன் இத. ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னேன். அப்ப இங்க கார்டு எடுக்க மாட்டாங்க. ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பேசுறேன்னு போனீங்க. ஞாபகம் இருக்கா?"

"உங்களுக்கு என் முகம் ஞாபகம் இருக்குங்களா?" என்று நெடுமாறன் கேட்டான்.

"முகம் இல்ல. இது." டாக்டர் திரையில் விரலை வைத்தார். வால்வின் ஓர் இதழில் ஒரு பிளவு இருந்தது, எலி கடித்த இலைபோல. படத்திலும் அது இருந்தது. "இப்படி ஒரு கிழிசல நான் வேற யார்கிட்டயும் பாத்ததில்ல. அதே இடம். அதே அளவு. பன்னெண்டு வருஷத்துல இதயம் வீங்கியிருக்கணும். ஒரு மில்லிமீட்டர் மாறல. அப்படியே காத்துகிட்டு இருந்த மாதிரி இருக்கு."

அவர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

நெடுமாறன் இந்தக் கட்டடத்துக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. அவன் தன்னைத் திரும்பிப் பார்ப்பான் என்று வெண்மதி காத்திருந்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப கட்டில் சன்னல் பக்கம் கெடந்துச்சு" என்றான்.

"ஆமா. மாத்திட்டோம்" என்றார் டாக்டர்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறுவை என்று முடிவானது. பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைப்பார்கள். அது மூடும்போது சத்தம் கேட்கும், கடிகாரம்போல. வீட்டில் இருப்பவர்கள் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். செலவு முழுவதும் அட்டையில் போய்விடும். ஒன்றுதான் பாக்கி. அட்டையில் இருக்கும் மனைவி வந்து கையெழுத்துப் போட வேண்டும், கைரேகை வைக்க வேண்டும்.

"தங்கச்சி கையெழுத்து செல்லாதும்மா" என்றார் டாக்டர்.

இது தன் கணவனுடைய ஃபைல் இல்லை என்று வெண்மதி சொல்லியிருக்கலாம். சொன்னால் பெயர் போய்விடும். பெயர் போனால் அட்டை போய்விடும். அதன்பின் தண்ணீர் ஏறும். அவள் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டாள்.

"கட்டில் சன்னல் பக்கம் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அப்படியா சொன்னேன்?" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை. அவனுக்கு நினைவில்லை.

*

அய்யனேரிக்காரர்களுக்குக் கம்மாபுரத்துக்கு அப்பால் மனை கொடுத்திருந்தார்கள். ஒரே மாதிரி வீடுகள், நேர்க்கோட்டில். மரங்கள் இன்னும் ஆள் உயரம் வரவில்லை. மாணிக்கம்மாள் கடைசி வரிசையில் இருந்தாள்.

வெண்மதி போனபோது அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. கொடியில் இரண்டு புடவைகளுக்கு நடுவே ஓர் ஆண் சட்டை ஈரமாகத் தொங்கியது. பழைய காக்கிச் சட்டை. பார்த்ததும் வெண்மதிக்குப் புரிந்தது. போட ஆள் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு முறை அதைத் துவைக்கிறாள்.

"வாம்மா. நீ வெண்மதிதான?" என்றாள்.

"ஆமாங்க்கா."

"உக்காரு. வெயில்ல வந்துருக்க."

மோர் கொடுத்தாள். வெண்மதி எல்லாவற்றையும் சொன்னாள். ஃபைல், படம், கிழிசல், சன்னல் பக்கத்துக் கட்டில். மாணிக்கம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நெஞ்சு வலின்னு அவர கடலூருக்கு நான்தான் அனுப்பி வச்சேன்" என்றாள். "வந்து சொன்னாரு. ஆபரேசன் பண்ணணுமாம், ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்றேன், பேசலாம்னாரு. அன்னிக்கித்தான் போனது."

"அக்கா, அவரு இருக்காருன்னு நீங்க நெனைக்கிறீங்களா?"

"மேஸ்திரி வந்து, பேர வெட்டிருவாங்கன்னு சொன்னாரு. லிஸ்ட்டு, பெர்மனென்ட்டு என்னென்னவோ சொன்னாரு. எனக்கு அதெல்லாம் வேணாம். ஊரு போச்சு. வூடு போச்சு. பேரையும் வெட்டிட்டா அவரு திரும்பி எங்க வந்து நிப்பாரு? அதுக்குத்தான் சரின்னேன்."

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அவரு பேர நான் ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள் மாணிக்கம்மாள். "நீ சொல்லுவியா, உன் வூட்டுக்காரரு பேர?"

"சொல்ல மாட்டேன்."

"ஆனா எங்க வூட்டுக்காரரு பேர சொல்லியிருக்க."

வெண்மதி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில சொல்லியிருப்ப. கேட்ல சொல்லியிருப்ப. வூட்டுல?"

"வூட்டுலயும்தான். வெளையாட்டுக்கு."

"எத்தினி வருசமா?"

"பதினோரு வருசம்."

மாணிக்கம்மாள் தலையை ஆட்டினாள். கோபமில்லை. கணக்கு ஒத்துவந்தவள்போல இருந்தாள்.

"பதினோரு வருசமா சோத்துக்குக் கூப்புட்டுகினு இருந்திருக்க. வராம இருப்பாரா?"

அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள்.

"கையெழுத்து போட என்னிக்கி வரணும்?" என்று மாணிக்கம்மாள் கேட்டாள்.

"செவ்வாக்கிழம. உங்களுக்கு நான் என்னாக்கா செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம். நான் கேக்காமலே நீ செஞ்சுட்ட."

திரும்பும் பஸ்ஸில் வெண்மதி ஒரு முடிவு எடுத்தாள். இனி அந்தப் பெயரைச் சொல்வதில்லை. வீட்டுக்குப் போனதும் நெடுமாறன் சுவரில் சாய்ந்து கண் மூடியிருந்தான். சாப்பிடக் கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கில் வந்தது அந்தப் பெயர்தான். விழுங்கினாள். அவனைத் தொட்டு எழுப்பினாள்.

*

செவ்வாய்க்கிழமை மாணிக்கம்மாள் விடிந்ததும் வந்துவிட்டாள். கையில் ஒரு மஞ்சள் பை. நெடுமாறன் சக்கர நாற்காலியில் இருந்தான். அவளை அவன் வருடத்துக்கு ஒரு முறை, பாஸ் புதுப்பிக்கும்போது, மேஸ்திரியோடு பார்ப்பது வழக்கம். "வாங்க" என்றுதான் சொல்வான்.

அன்று "வந்துட்டியா" என்றான்.

மாணிக்கம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். படிவத்தில் ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டாள். விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. நோயாளியோடு இருப்பவருக்கான பாஸை அவளிடம் கொடுத்தார்கள். ஒருவருக்குத்தான்.

ஐந்து மணி நேரம் ஆனது. இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். வெண்மதி எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டினால் பெயர் சொல்லி வேண்ட வேண்டும்.

டாக்டர் ஹுமா வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். மாணிக்கம்மாளிடம்தான் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் நர்ஸ் வெளியே வந்தாள். "மயக்கம் தெளியுற நேரம். கூட இருக்கிறவங்க உள்ள வந்து பேர் சொல்லிக் கூப்புடுங்க. தெரிஞ்ச குரல் கேட்டா கண்ணத் தெறப்பாரு."

மாணிக்கம்மாள் பாஸோடு உள்ளே போனாள். கண்ணாடி வழியாக வெண்மதி பார்த்துக்கொண்டிருந்தாள். மாணிக்கம்மாள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவன் பாதத்தைப் பார்த்தாள். வாய் அசையவில்லை. சற்று நேரத்தில் வெளியே வந்து, பாஸை வெண்மதியின் கையில் வைத்தாள்.

"நான் கூப்புடல. நீ கூப்புடு. எந்தப் பேரச் சொல்லணும்னு உனக்கே தெரியும்."

வெண்மதி மாணிக்கம்மாளின் பாஸோடு உள்ளே போனாள்.

குழாய்களுக்கு நடுவே அவன் கிடந்தான். மூச்சு சீராக இருந்தது. இத்தனை வாரத்துக்குப் பிறகு அவன் படுத்திருப்பதை அவள் பார்க்கிறாள். நெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. டிக். டிக். காதை வைக்கத் தேவையில்லை. ஒரே சத்தம். பின்னால் இன்னொன்று இல்லை.

அவள் குனிந்தாள். பதினாறு வருடக் கல்யாணத்தில் ஒரு முறையும் சொல்லாத பெயர்.

"நெடுமாறன்."

தன் குரலில் அது யாரோ அக்கம்பக்கத்து ஆளின் பெயர்போல இருந்தது.

அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பினாள். "யாரும்மா அது? இவரு சிங்காரவேல்தான?"

"வூட்டுல கூப்புடுற பேருங்க."

"சரி, கூப்புடுங்க."

"நெடுமாறன். நெடுமாறன்."

விரல் அசைந்தது. இமை அசைந்தது. அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான். நெற்றியிலிருந்து கழுத்துவரை, வழி கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல.

"யாரத் தேடுற தங்கச்சி?" என்றான்.

*

மயக்க மருந்தால் அப்படி இருக்கும், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

ஓரளவு சரியானது. மூன்றாம் நாள் அவள் கொடுத்த கஞ்சியைக் குடித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த இளவேனிலைப் பார்த்துச் சிரித்தான். எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டான். இளவேனில் அம்மாவைப் பார்த்துவிட்டு "எட்டாவது" என்றாள். நல்லாப் படிக்கணும் என்றான்.

வெண்மதி தினமும் போனாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முதலில் மெதுவாக. பிறகு வார்டு கேட்கும்படி. அவனுக்குக் கேட்டது. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்பதும் புரிந்ததுபோல இருந்தது. வெறுமனே புன்னகை செய்தான். பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவன்போல.

மாணிக்கம்மாள் தினமும் வந்தாள். கால்மாட்டில் நின்றாள். கூப்பிடவில்லை. ஒரு நாளும் கூப்பிடவில்லை.

பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை பத்து மணி. நர்ஸ் வராந்தாவில் நின்று தாளைப் பார்த்துப் படித்தாள்.

"சிங்காரவேல்."

பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களும் அசையவில்லை. அவன் எழுந்தான்.

"நான்தாங்க" என்றான்.

பதினோரு வருடமாக எல்லாக் கவுன்ட்டரிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். இதுவும் அதுபோலத்தான் என்று வெண்மதி தனக்குச் சொல்லிக்கொண்டாள். மாணிக்கம்மாளின் மஞ்சள் பையிலிருந்து அவன் ஒரு சட்டையை எடுத்துப் போட்டிருந்தான். காக்கி. தோள் சரியாகப் பொருந்தியது.

வாசலில் ஆட்டோ நின்றது. மூவரும் போய் நின்றார்கள். அவன் இப்போது நிற்காமல் நடந்தான். மூச்சு வாங்கவில்லை. டிக் டிக் என்று கேட்டது.

"எங்க போவணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"அய்யனேரி" என்றான் அவன்.

ஆட்டோக்காரர் பெண்களைப் பார்த்தார். "அந்த ஊரு இல்லங்களே. எடுத்துட்டாங்களே."

"எப்ப?" என்றான்.

மாணிக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஓரடி முன்னால் வந்தாள். வெண்மதி அதைவிட வேகமாக வந்தாள். ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"நெய்வேலிக்குப் போங்க. பன்னெண்டாவது பிளாக்குக்குப் பின்னால, டவுன்ஷிப் சுவத்துக்கு அந்தப் பக்கம்" என்றாள். பிறகு வெளியே தலையை நீட்டித் தெருவில் சொன்னாள்.

"நெடுமாறன், ஏறு."

ஒருமையில் சொன்னாள். இளநீர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன் மாணிக்கம்மாளைப் பார்த்தான். அவள் ஒரு சொல் சொன்னால் போதும். அது வெண்மதிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். புடவைத் தலைப்புக்குள் அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நாற்பது வருடப் பழக்கம் அவள் வாயைத் திறக்க விடவில்லை.

அவன் ஏறினான்.

"நான் வெள்ளிக்கிழம வர்றேன்" என்றாள் மாணிக்கம்மாள். யாரிடம் என்று தெரியவில்லை.

குறிஞ்சிப்பாடி தாண்டினார்கள். வடலூர் தாண்டினார்கள். சுரங்கத்தின் ஓரமாகப் பாதை திரும்பியதும் முதல் பம்ப்பின் சத்தம் வந்தது. அவன் காதைத் திருப்பினான்.

"அதுல பேரிங் போவுது. ரெண்டு நாளுதான் தாங்கும்" என்றான்.

வெண்மதிக்கு நெஞ்சு நிறைந்தது. அதைச் சொல்லத் தெரிந்தவன் அவள் புருஷன். கையை நீட்டப் போனாள். அதே வேலையை அதற்குமுன் பார்த்தவர் யார் என்று பாதியில் நினைவு வந்தது.

அவன் சீட்டின் ஓரத்தில், கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வளைவில் ஆட்டோ சாய்ந்தபோதும் இந்தப் பக்கம் சாயவில்லை. அவர்களுக்கு நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அந்நியப் பெண்ணின் பக்கத்தில் ஒரு மரியாதையான மனிதன் விடும் இடம்.

அந்த இடத்துக்கு அப்பாலிருந்து டிக் டிக் என்ற சத்தம் வீடுவரை வந்தது.